கோச்சியும் கோச்சும் ஒரே சொல்லா? ஆங்கிலச் சொல் தடம் மாறுவது எந்த இடத்தில்?

#1 ஹட்டன்_கோச்சி

எல்லாருக்கும் வணக்கம். உயர்தர ஆங்கில வகுப்புக்கு ஒரு பாடம் தயாராகுது. நம்ம பக்கம் ரெயிலுக்குப் பேரு கோச்சி. கிரிக்கெட் சொல்லிக்குடுக்கிறவரு கோச். ஆங்கிலத்துல ரெண்டுக்கும் ஒரே எழுத்து. வண்டி எப்படி வாத்தியாரா மாறிச்சு? ரெயிலுக்கு இன்னொரு பேரு ட்ரெயின், ஆளைப் பழக்கிவிடுறதுக்கு ட்ரெயினிங். தண்டவாளத்துல நேரா ஓடுற மாதிரி ஆளை ஒழுங்குக்குக் கொண்டுவர்றதாலதான் ட்ரெயினிங்னு பேரு வந்துச்சுன்னு ஒரு குறிப்புல கெடக்கு. அது சரியா?

நேர்ப்பொருள்ல இருந்து உருவகப் பொருளுக்குச் சொல் நகர்றதைப் படிப்படியாக் காட்டணும். "மரபுத்தொடர், மனப்பாடம் பண்ணு"ன்னு சொல்லித் தாண்டிப் போறது வேணாம்.

#2 அகராதிப்புழு

தண்டவாளக் கதையைக் குப்பையில் போடலாம் தம்பி. தேதி ஒத்துவரவில்லை.

ட்ரெயின் என்பதற்கு வேர் லத்தீனில் "ட்ராஹெரே", அதாவது இழு. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. தரையில் இழுபடும் நீண்ட அங்கித் தொங்கல் ஒரு ட்ரெயின். அரசன் பின்னால் இழுபட்டுப் போகும் பரிவாரமும் ட்ரெயின். ஒன்றன்பின் ஒன்றாக வருகிற எதற்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. எண்ணங்களின் தொடரை "ட்ரெயின் ஆஃப் தோட்" என்பது இதிலிருந்துதான். 1820களில் எஞ்சின் பின்னால் பெட்டிகள் இழுபட்டபோது புதுச்சொல் தேட வேண்டிய தேவையே இருக்கவில்லை.

கற்பித்தல் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. அது தோட்டக்காரன் தந்த பொருள்: கொடியை, கிளையை இழுத்து வளைத்து வேண்டிய பக்கம் வளரவிடுவது. ரெயில் ஓடத் தொடங்குவதற்கு ஏறக்குறைய 300 வருஷம் முந்தியது. ஆகவே ரெயிலும் பயிற்சியும் ஒன்றுக்கொன்று தாய் பிள்ளை அல்ல. "இழு" பெற்ற இரண்டு பிள்ளைகள்.

கோச் வேறு வகை. ஹங்கேரியில் கொச் என்று ஓர் ஊர். அங்கே கட்டிய வண்டி "கொச்சி", அதாவது கொச் ஊர்க்காரது. 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுக்கப் பரவி ஆங்கிலத்தில் கோச் ஆனது. 1830 வாக்கில் ஒக்ஸ்போர்ட் மாணவர் பேச்சில், பரீட்சைக்கு ஆளைத் தயார்படுத்தும் தனி ஆசிரியருக்குக் கோச் என்று கேலிப்பெயர் விழுந்தது. உட்கார்ந்தால் போதும், ஊர் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும் என்ற கேலி. 1860களில் அது விளையாட்டுக்கும் போனது. இங்கே வண்டிதான் மூலம், வாத்தியார் அதன் உருவகம்.

#3 டீமேக்கர்

தோட்டக்காரன் பொருள் இன்னும் உசிரோடதான் இருக்கு. இளந்தேயிலையை அதுபாட்டுக்கு விட்டா ஒத்தத் தண்டா மேல போயிரும். எட்டிப் பறிக்கவும் ஏலாது, தட்டும் (பறிக்க வசதியான சமமான மேல்பரப்பு) விழாது. அதனால தண்டு எளசா இருக்கையிலேயே வளைச்சு, கவைக்குச்சி அடிச்சு நெலத்தோட பிடிச்சு வைப்பாங்க. இல்லாட்டி நடுத்தண்டை வெட்டிவிடுவாங்க. பக்கக் கிளை பரவி அகலமான சட்டம் வரணும். இந்த வேலைக்குப் பேரே ட்ரெயினிங்தான். பிந்தி வளைச்சா தண்டு முத்தி முறிஞ்சிரும். அவசரப்பட்டு ஒசரத்துல வெட்டினா கீழ கிளையில்லாம மேல மட்டும் குடை மாதிரி நிக்கும்.

#4 நன்னூல்நேசன்

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று நாம் சொல்வதும் இதே கவைக்குச்சிதான். ஆங்கிலேயன் கிளையை இழுத்தான், நாம் வளைத்தோம். வகுப்பில் இந்தப் பழமொழியிலிருந்தே தொடங்கலாம். பிள்ளைகளுக்கு உருவகம் புதிய சங்கதி அல்ல என்பது உடனே விளங்கும்.

#5 ஹட்டன்_கோச்சி

ரொம்ப நன்றி. நம்ம கோச்சி ஆங்கிலக் கோச்சா, போர்த்துக்கீசச் சொல்லா? சிங்களத்துலயும் கோச்சியதான். ரெண்டாவது, "இந்த இடத்துலதான் பொருள் மாறிச்சு"ன்னு விரல் வச்சுக் காட்ட வழி இருக்கா?

#6 அகராதிப்புழு

முதல் கேள்விக்கு: எந்த வாசலால் நுழைந்திருந்தாலும் வேர் ஒன்றுதான். போர்த்துக்கீசத்தில் கொச்செ, டச்சில் குட்ஸ், ஆங்கிலத்தில் கோச், மூன்றும் அதே ஹங்கேரிய ஊரிலிருந்து புறப்பட்டவை. இலங்கையில் முதல் ரெயில் 1864 டிசம்பரில் கொழும்பிலிருந்து அம்பேபுஸ்ஸவுக்கு ஓடியது. குதிரை வண்டி அதற்கு வெகுகாலம் முன்பே இங்கே இருந்தது. (மிளகாயைச் சொல்லும் கொச்சிக்காய்க்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, யாரும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன்.)

இரண்டாவதற்கு மிஸ் வரட்டும்.

#7 பதுளை_மிஸ்

விரல் வைக்கலாம். ஒரு பொருளிலிருந்து மற்றதுக்குச் சொல் ஒரே எட்டில் குதிப்பதில்லை. நடுவில் இரண்டு விதமாகவும் வாசிக்கக்கூடிய வசனம் ஒன்று இருக்கும். அதைப் பாலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலத்தைத் தேடுவதுதான் முழு வேலையும்.

முதலில் வரலாற்று முறை அகராதியை எடுக்க வேண்டும். ஒக்ஸ்போர்ட் பேரகராதியில் பொருள்கள் கால வரிசையில் இருக்கும், பழையது முதலில். மாணவர் அகராதியில் அதிகம் புழங்குவது முதலில். பிள்ளைகள் பிழைவிடும் முதல் இடம் இது. பேரகராதியின் முதலாம் பொருளை எடுத்து இதுதான் சரியான பொருள் என்று எழுதுவார்கள்; அது செத்து 400 வருஷம் ஆகியிருக்கும்.

அடுத்து, சொல்லின் அக்கம்பக்கத்தைப் பார்க்க வேண்டும். கோச் வண்டியாக இருக்கும்போது முன்னால் "பை" அல்லது "இன்" வரும், பின்னால் "விச்" வரும். வாத்தியாராக இருக்கும்போது "மை கோச்", பின்னால் "ஹூ". வினையாக மாறி "கோச்ட் ஹிம்" என்று எழுதத் தொடங்கிவிட்டால் வண்டி முற்றாக மறைந்துவிட்டது என்று அர்த்தம். இலக்கணம்தான் சாட்சி. மனதில் படம் தெரிகிறதா இல்லையா என்று ஆளாளுக்குக் கேட்டுக்கொண்டிருந்தால் முடிவே வராது.

கடைசியாக உயிர் இருக்கிறதா என்று சோதிக்கலாம். "மை கோச் ப்ரோக் டவுன்" என்று எழுதிப் பாருங்கள். பஸ் பழுதானதா, பயிற்சியாளர் உடைந்து அழுதாரா? சிரிப்பு வந்தால் இரண்டு பொருளும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ட்ரெயினிங்கில் அங்கித் தொங்கலை வைத்து இப்படி விளையாடினால் ஒருத்தருக்கும் சிரிப்பு வராது.

தமிழில் எழுதும்போது வண்டியைத் தூக்கிக்கொண்டு வர வேண்டாம். பரீட்சையில் கரையேற்றிவிட்டார் என்கிறோமே, அதில் தோணி இருக்கிறது. நமக்கு அது போதும்.

#8 நன்னூல்நேசன்

ஒரு திருத்தம். எல்லாவற்றையும் உருவகம் என்று ஒரே சாக்கில் கட்ட வேண்டாம். ஒப்புமையால் மாறுவது ஒன்று, தொடர்பால் மாறுவது வேறு. இரண்டாவதற்கு நம்மிடம் ஆகுபெயர் என்று தனிப்பெயரே இருக்கிறது. சாதாரண தரப் பாடத்திலேயே வருகிறது.

வண்டி வாத்தியாரானது ஒப்புமை. ஆனால் பெட்டியின் பெயர் முழு ரெயிலுக்கும் ஆகிக் கோச்சி என்று நின்றது சினையாகுபெயர். வெற்றிலை நட்டான் என்று பாடநூலில் வரும் உதாரணத்தை விட்டுவிட்டுத் தேயிலை நட்டான் என்று எழுதுங்கள். தேயிலை என்றால் இலை, நட்டது செடி. நம் பிள்ளைகளுக்கு அதைவிட நெருக்கமான உதாரணம் வேறு கிடையாது.

அளவைப் பெயரும் உண்டு. தேயிலை போட்டு வைக்கும் சிறு பெட்டிக்கு ஆங்கிலத்தில் கேடி. அது மலாய் மொழியின் கட்டி என்ற எடையிலிருந்து வந்தது, சுமார் 600 கிராம். எடையின் பெயர் பெட்டிக்கு ஆகிவிட்டது. அப்பட்டமான எடுத்தலளவை ஆகுபெயர்.

#9 கணக்குப்பிள்ளை_பேரன்

கேடின்னா நுவரெலியா கோல்ப் மைதானத்துல பை தூக்குறவங்களும் கேடிதானே? பெட்டி சுமக்கிறதுல இருந்து பை சுமக்கிறதுக்குப் போயிருக்கும்போல.

#10 அகராதிப்புழு

இல்லை அண்ணே, அழகான பொறி இது. கோல்ப் கேடி பிரெஞ்சு "கடே"யிலிருந்து வந்தது, வீட்டின் இளைய மகன். கடெற் என்கிறோமே, அதே சொல். ஓசை ஒன்றாகிப்போன இரண்டு வேறு சொற்கள். பொருள் மாற்றம் என்று பேசும் முன் இது ஒரே சொல்தானா என்று வேரைப் பார்த்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் கட்டிய பாலங்கள் எல்லாம் ஆற்றில்தான் விழுகின்றன.

இன்னொரு வகைக் குழியும் உண்டு. ஹோட்டலில் கொடுக்கிற டிப் மூன்று ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்து என்று ஒரு கதை சுற்றுகிறது. நம்ப வேண்டாம். முதலெழுத்துகளைச் சேர்த்துச் சொல்லாக்கும் பழக்கம் 20ஆம் நூற்றாண்டில்தான் பெருகியது. அதற்கு முந்திய சொல்லுக்கு யாராவது அப்படி விளக்கம் சொன்னால் அது பெரும்பாலும் கட்டுக்கதை.

#11 கணக்குப்பிள்ளை_பேரன்

சரி, ஏத்துக்கிட்டேன். ஆகுபெயருக்குத் தோட்டத்துல பஞ்சமே இல்ல. "பேர்"ங்கிற சொல்லையே எடுங்க. ஒரு நாள் சம்பளத்துக்குப் பேரு பேர். செக்ரோல்ல, அதாவது வேலைக்கு வந்தவங்களைப் பதியிற பேரேட்டுல, பேர் பதிஞ்சாத்தான் சம்பளம், அதனால பதிவே சம்பளம் ஆயிருச்சு. குறிச்ச கிலோ எடுக்கலன்னா அரைப்பேர். யோசிச்சுப் பார்த்தா பேர்ல ஏது பாதி? நேர்ப்பொருள் செத்துப் போனாத்தான் அதைப் பாதியா வெட்ட முடியும். மிஸ் சொன்ன சோதனைக்கு இது சரியா வருமா?

காலையில ஆள் கூடுற எடம் பெரட்டுக்களம். பெரட்டு, ஆங்கிலப் பரேட். பட்டாளத்துச் சொல்லு, தோட்டத்துக்கு வந்து வேலைப் பிரிப்பு ஆயிருச்சு.

#12 பதுளை_மிஸ்

நூற்றுக்கு நூறு சரிவரும். ஒரு சொல்லை அரை, கால் என்று அளக்கவோ பன்மையாக்கவோ தொடங்கினால் பழைய பொருள் கழன்றுவிட்டது என்பதற்கு அது உறுதியான அடையாளம். அரைப்பேரைப் பாடத்தில் கட்டாயம் போடுங்கள்.

#13 அகராதிப்புழு

செக்ரோல் என்றதும் விட மனம் வரவில்லை. செக் என்ற சொல்லுக்குள் ஒரு பாரசீக ராஜா உட்கார்ந்திருக்கிறார். சதுரங்கத்தில் அரசனுக்கு ஆபத்து வந்தால் "ஷா" என்று எச்சரிப்பது. அரபு, பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்தில் செக். அரசன் நினைத்தபடி அசைய முடியாது, ஆகவே தடுப்பு. தடுத்து நிறுத்திப் பார்ப்பது, ஆகவே சரிபார்ப்பு. சரிபார்த்ததற்கு இடும் குறியும் செக். வங்கிக் காசோலையும் இதே குடும்பம். ஷாவிலிருந்து அரைப்பேர் வரைக்கும் ஒரே பேரேட்டில் வந்து விழுந்திருக்கிறது.

தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயமும் அப்படித்தான். லத்தீனில் "லினும்" என்றால் ஆளிச்செடி, அதன் நாரில் திரித்த நூல் "லினேயா". நூலை இழுத்துக் கட்டினால் நேர்கோடு. கோட்டில் நின்றால் வரிசை. பட்டாளத்துக் கூடாரங்களும் குடிசைகளும் வரிசையாக நின்றபோது அவையே லைன்ஸ். பெருந்தோட்டத்தில் 10 அடிக்கு 12 அடிக் காம்பராக்களை (அறைகளை) ஒரே கூரையின் கீழ் அடுக்கியபோதும் அதே பெயர். நம் வாயில் லயன், பிறகு லயம். சட்டை தைக்கும் லினன் துணியும் லயமும் ஒரே நாரில் திரித்தவை.

#14 கணக்குப்பிள்ளை_பேரன்

குதிரை லாயத்துல இருந்துதான் லயம்னு பெரியவங்க சொல்லுவாங்க. மாட்டையும் குதிரையையும் அடைக்கிற மாதிரி அடைச்சதால.

#15 அகராதிப்புழு

அந்தக் கோபத்தில் உண்மை இருக்கிறது, சொற்பிறப்பில் இல்லை. தோட்ட ஆங்கிலத்தில் லைன்ஸ், லைன் ரூம்ஸ் என்றுதான் எழுதுவார்கள். லயன் என்ற வடிவம் அதற்கு நேராக நிற்கிறது. அது லயமாக மாறியபோது லாயம் என்ற பழைய சொல்லின் நினைவும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். மக்கள் ஒரு சொல்லுக்குச் சொல்லும் விளக்கமும் அதன் பொருளை மாற்றும். லயம் என்று கேட்டவுடன் ஒருவர் மனதில் லாயம் வருகிறது என்றால், அவரைப் பொறுத்தவரை அந்தச் சொல் ஏற்கெனவே உருவகமாகிவிட்டது.

#16 நன்னூல்நேசன்

நூலிலிருந்து கோடு, கோட்டிலிருந்து ஒழுங்கு என்பது நம்மிடமும் உண்டு. தச்சன் மரத்தில் நூல் பிடித்துக் கோணலைத் தீர்ப்பது போல மனக்கோணலைத் தீர்ப்பதால் புத்தகத்துக்கும் நூல் என்று பெயர் என நன்னூல் பாயிரமே விளக்குகிறது. பாலம் எது என்று ஆசிரியரே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். நம் வேலை பாதி குறைந்தது.

#17 டீமேக்கர்

நம்ம ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலைச் சொல்லு ஒண்ணு. விதரிங், கொழுந்து வாட்டுறது. ஒருத்தரை மொறைச்சுப் பார்க்கிறதுக்கும் விதரிங் லுக்னு சொல்றாங்க. அது எப்படி?

தொழில் விவரம் முதல்ல சொல்றேன், சரியாப் பொருந்துதான்னு பாருங்க. பச்சைக் கொழுந்து 100 கிலோவுல 75ல இருந்து 80 கிலோ வரைக்கும் தண்ணி. தொட்டியில பரப்பி, கீழ இருந்து காத்தாடியால காத்தை ஊதி, 12 மணித்தியாலத்துக்கு மேல வாட்டுவாங்க. உருட்டுற தேயிலைக்கு ஈரம் 55 வீதம் அளவுக்கு எறங்கணும். ஒரு கைப்பிடி அள்ளி உருண்டையாப் பிடிச்சு விட்டா ஒடனே விரியக்கூடாது. காம்பை வளைச்சா சடக்குன்னு முறியக்கூடாது. வாட்டம் காணாட்டி ரோலர்ல சாறு ஒழுகிப் போயிரும், தண்ணி மெலிசா வரும். கூடிப்போனா ஓரம் கருகி மொறுமொறுத்துரும், பொறவு நெறம் சீரா எறங்காது.

#18 பதுளை_மிஸ்

அருமையாகப் பொருந்துகிறது அண்ணே. விதர் என்பது வெதர், அதாவது காலநிலை என்ற சொல்லின் மாற்று வடிவம் என்றுதான் அகராதிகள் கருதுகின்றன. வெயில் காற்றில் திறந்து போடு என்பது முதல் பொருள். அப்படிப் போட்டால் வாடும். பிறகு வாடுதல் மட்டும் மிஞ்சியது, காற்று கழன்றது. தேயிலைத் தொட்டியில் காத்தாடி போட்டு ஊதும்போது சொல் தன் தாய்வீட்டுக்கே திரும்பிப் போயிருக்கிறது!

பார்வைக்குப் போன வழி இலக்கணத்தில் தெரியும். முதலில் செடி தானே வாடுகிறது. பிறகு வெயில் செடியை வாட்டுகிறது என்று செய்பவர் உள்ளே வருகிறார். செய்பவர் ஒருவர் வந்துவிட்டால் வெயிலின் இடத்தில் பார்வையை வைக்கலாம், செடியின் இடத்தில் ஆளை வைக்கலாம்.

மொழிபெயர்ப்பில் வாட்டும் பார்வை என்று எழுதினால் கெட்டது. தமிழில் வாட்டுவது பிரிவு, பசி, கவலை. வாட்டும் பார்வை என்றால் காதல் கதை ஆகிவிடும். நாம் நெருப்புக்குத்தான் போக வேண்டும்: எரித்துவிடுவது போலப் பார்த்தாள், சுட்டெரிக்கும் பார்வை.

#19 ஹட்டன்_கோச்சி

மிஸ், அப்படியே ப்ளக்கும் சொல்லிருங்க. கொழுந்து பறிக்கிறது ப்ளக். தைரியத்துக்கும் ப்ளக்.

#20 பதுளை_மிஸ்

ஆட்டை அறுத்தால் நெஞ்சு, ஈரல், நுரையீரல் மூன்றும் சேர்ந்து ஒரே இழுப்பில் வரும். பிடுங்கி எடுப்பதால் இறைச்சிக்கடையில் அதற்குப் பெயர் ப்ளக். உள்ளே அது இருக்கிறவன் துணிச்சல்காரன் என்று 18ஆம் நூற்றாண்டுக் கொச்சை வழக்கில் பொருள் ஏறியது.

தமிழில் அதே உறுப்புக் கொத்துக்குப் பெயர் ஈரக்குலை. ஆனால் நாம் அதை எதிர்த்திசையில் ஓட்டினோம்: ஈரக்குலை நடுங்கிருச்சு. ஒரே உறுப்பு, அவனுக்குத் துணிச்சல், நமக்குப் பயம். உருவகம் எந்தப் பக்கம் திரும்பும் என்று பொருளை வைத்து ஊகிக்க முடியாது என்பதற்கு இதைக் காட்டுங்கள்.

#21 டெப்லட்_மாத்து

கோச்சியில தொடங்கின பேச்சுக்கு ரெயில்வேக்காரங்க வராம இருக்க ஏலுமா? பேச்சுவார்த்தை தடம் புரண்டது, அரசாங்கம் பச்சைக்கொடி காட்டியதுன்னு பத்திரிகையில தெனமும் வருது. மொதலாவது ஆங்கிலத்தோட நேர் இறக்குமதி. ரெண்டாவது கொஞ்சம் சுவாரசியம். ஆங்கிலேயன் பச்சை வெளிச்சம்னு சொல்றான், நாம ரெயில் கார்ட் கையில பார்த்த கொடியைப் பிடிச்சுக்கிட்டோம்.

வெளிச்சத்துக்கு வயசு கம்மி. பிரித்தானிய ரெயில்வேயில ஆரம்பத்துல சிவப்பு நில்லு, பச்சை கவனம், வெள்ளைதான் போ. சிக்கல் என்னன்னா, சிவப்புக் கண்ணாடி உடைஞ்சு விழுந்தா வெள்ளை வெளிச்சம் தெரியும். நில்லுங்கிற எடத்துல போன்னு காட்டும். பக்கத்து வீட்டு விளக்கையும் சிக்னல்னு நெனைச்சு ஓட்டுவாங்க. அதனால 19ஆம் நூற்றாண்டுக் கடைசியில வெள்ளையைத் தூக்கிட்டுப் பச்சையைப் போன்னு ஆக்கினாங்க. அதுக்கு முந்தின எழுத்துல யாராவது பச்சை விளக்குக்கு அனுமதின்னு அர்த்தம் சொன்னா நம்பாதீங்க.

#22 அகராதிப்புழு

பொருள் மாறுவதற்கு முன் உலகத்தில் பொருள் இருக்க வேண்டும் என்பதற்கு நல்ல சாட்சி. டெட்லைனும் அதே மாதிரி. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1864இல், ஜோர்ஜியாவின் அண்டர்சன்வில் சிறைமுகாமில் வேலிக்கு உள்ளே ஒரு கோடு. தாண்டிய கைதியைச் சுட்டுவிடுவார்கள். பத்திரிகை அலுவலகத்தின் காலக்கெடுவாக அது மாறியது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். இடத்தின் எல்லை நேரத்தின் எல்லையானது. தமிழில் கெடு என்ற இரண்டெழுத்தே இருக்கும்போது சாவுக்கோடு எல்லாம் வேண்டாம்.

மொழிபெயர்ப்பாளர்களை அதிகம் கவிழ்ப்பது இவை எதுவுமில்லை, ஓவர்லுக்தான். மேலிருந்து பார் என்பது மூலம். துரை பங்களா மேட்டில் இருக்கிறது, லயங்களை ஓவர்லுக் செய்கிறது: கீழே லயங்கள் தெரிகின்றன. மேலிருந்து பார்ப்பவர் கண்காணிக்கிறார், அதுவும் ஒரு காலத்தில் ஓவர்லுக். ஆனால் மேட்டில் நிற்பவர் கண் தூரத்துக்குப் போகும், காலடியில் இருப்பதைத் தாண்டிவிடும். அதுதான் பாலம். 16ஆம் நூற்றாண்டிலேயே கவனிக்கத் தவறு என்ற பொருள் வந்துவிட்டது. கண்காணிப்பு இப்போது ஓவர்ஸீயிடம் போய்விட்டது.

பிழை தவிர்க்க இதைப் பாருங்கள். எழுவாய் இடமாக இருந்தால் (பங்களா, ஜன்னல்) தெரிகிறது, பார்த்தபடி இருக்கிறது என்று எழுதலாம். எழுவாய் ஆளாகவும் செயப்படுபொருள் பிழையாகவும் இருந்தால் தமிழ் உங்களை ஒரு கேள்வி கேட்கும்: தெரியாமல் விட்டாரா, தெரிந்தே விட்டாரா? ஆங்கிலம் இரண்டையும் ஒரே சொல்லில் மூடிவிடும். தமிழில் கவனிக்கத் தவறினார் என்பதும் கண்டும் காணாமல் விட்டார் என்பதும் வேறு வேறு குற்றம். விசாரணை அறிக்கையில் இதை மாற்றி எழுதினால் ஒருவர் வேலை போகும். "கைண்ட்லி" என்று முன்னால் இருந்தால் தெரிந்தே விடச் சொல்கிறார்கள், பொறுத்துக்கொள்ளவும் என்று எழுத வேண்டும். பதவி உயர்வோடு வந்தால் புறக்கணிக்கப்பட்டார்.

ஓவர்சைட் இன்னும் மோசம், எதிரெதிர்ப் பொருள் இரண்டும் உயிரோடு உள்ளன. முன்னால் "அன்" என்று ஒருமைச் சுட்டு வந்து தனியாக நின்றால் தவறுதலாக விடுபட்டது. சுட்டு இல்லாமல், அல்லது "கமிட்டி" போன்ற சொல்லுக்கு அடையாக வந்தால் மேற்பார்வை.

#23 கணக்குப்பிள்ளை_பேரன்

தோட்டத்துல வேலையாட்களைப் பார்த்துக்கிற கங்காணிங்கிறதே கண்காணிதான். கண்ணால காணுறவன். அந்தச் சொல்லு கண்ணுல இருந்து பதவிக்குப் போச்சு, ஆங்கிலத்துக்கும் அப்படியே போச்சு. இப்ப பேச்சுல காசுக்கு ஆள் புடிச்சு விடுறவனையும் கங்காணிங்கிறாங்க. மூணாவது மாத்தம்.

#24 நன்னூல்நேசன்

தமிழிலும் ஓவர்லுக் போல ஒரு பிளவு உண்டு. மேற்பார்வை என்றால் பொறுப்பாகப் பார்ப்பது. மேலோட்டமாகப் பார்த்தான் என்றால் சரியாகப் பார்க்கவில்லை. இரண்டிலும் மேல்.

#25 அகராதிப்புழு

தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போய் உருவகமான சொற்களையும் பாடத்தில் சேர்க்க நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பறை அடிப்பவர் என்ற சமூகப் பெயர் ஆங்கிலத்தில் பரையா ஆகி, 19ஆம் நூற்றாண்டில் ஒதுக்கப்பட்டவர் எவருக்கும் பொதுப்பெயரானது. இப்போது நாடுகளுக்கும் போடுகிறார்கள். ஆங்கில வாசகருக்கு மூலப்பொருள் மங்கிவிட்டது. தப்பு மேளச் சத்தம் கேட்டு விழித்த தோட்டங்களில் அது மங்கவில்லை. உலகச் செய்தியை மொழிபெயர்க்கும்போது தனிமைப்படுத்தப்பட்ட நாடு என்று எழுதுங்கள். சொல்லைத் திருப்பித் தமிழுக்குக் கொண்டுவந்தால் உருவகம் போய்ச் சாதிப்பெயர் மட்டும் மிஞ்சும்.

கூலியும் அதே. நமக்குச் சம்பளம், ஆங்கிலத்தில் ஆள், பிறகு வசை. குஜராத்தின் கோலி என்ற இனப்பெயரிலிருந்து வந்தது என்ற கருத்தும் உண்டு. தமிழ்க் கூலியும் சேர்ந்துதான் அந்தப் பொருளை உறுதியாக்கியது என்பது என் கட்சி.

#26 மட்டுறுத்துநர்

மேலே உள்ளதற்கு வந்த இரண்டு பதில்கள் நீக்கப்பட்டன. சொல்லைப் பற்றிப் பேசலாம், ஆட்களைப் பற்றி வேண்டாம்.

#27 டீமேக்கர்

ஒண்ணு விட்டுப்போச்சு. கவ்வாத்து வெட்டுறப்ப எல்லாக் கிளையையும் மொட்டையா எடுக்காம, ஓரத்துல ரெண்டு மூணு கிளையை இலையோட விட்டுவைக்கிற மொறைக்கு ஆங்கிலத்துல லங், நுரையீரல்னு பேரு. செடி அந்த இலையாலதான் சாப்பாடு செய்யும். வேர்ல மாப்பொருள் இருக்கான்னு அயடீன் ஊத்திப் பார்க்கணும், கருநீலமா மாறினா இருக்கு. இல்லாத செடியை மொட்டையடிச்சா திரும்பத் துளிர்க்காம காஞ்சு போகும். அந்த லங் உருவகமா, ஆகுபெயரா?

#28 நன்னூல்நேசன்

உறுப்பின் வேலையை வைத்து ஒப்பிடுவதால் உருவகம். ஆனால் மூச்சு விடுவதற்கு என்று வகுப்பில் சொல்லிவிடாதீர்கள். நீங்களே சொன்னபடி அது சாப்பாட்டு வேலை. பெயர் வைத்தவர் உயிர்ப்பை நினைத்தார் போலும்.

#29 ஹட்டன்_கோச்சி

வேலைத்தாள் இப்படி வருது: 1. கோச். 2. ட்ரெயின், தேதியோட. 3. ஓவர்லுக், நாலு வசனம், தமிழ்ல எழுதணும். 4. விதரிங். 5. ப்ளக், ஈரக்குலையோட. 6. ஃப்ளஷ்: கொழுந்து துளிர்க்கிறது, முகம் சிவக்கிறது, கையில காசு பொரளுறது. 7. அரைப்பேர், தமிழ்ல விளக்கம். 40 நிமிஷத்துக்கு அளவா இருக்கும்.

#30 பதுளை_மிஸ்

ஆறாவதை எடுத்துவிடுங்கள். ஃப்ளஷ் ஒரே சொல்லா, ஓசை ஒத்த பல சொற்கள் கலந்ததா என்று அகராதிகளே தயங்குகின்றன. பிள்ளை கேடி மாதிரி இரண்டு வேர் என்று எழுதினால் புள்ளி வெட்டவும் முடியாது, போடவும் முடியாது. அதற்குப் பதில் ப்ரோட்காஸ்ட் போடுங்கள். கையால் வீசி விதைப்பது, 1920களில் வானொலி. உரம் வீசச் சொல்லும் அறிவுறுத்தல் ஒன்றைக் கொடுத்துத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். யூரியாவைச் சீராக ஒலிபரப்பவும் என்று எழுதுகிற பிள்ளைக்கு அரைப்பேர்.